பிரியாணிக்குப் போன மணல்

ஒன்பது வருஷக் கடனை அடைத்து முடித்த மனுஷனுக்கு ஒரு திமிர் வரும் பாருங்கள், கடன் கொடுத்தவனுக்குக்கூட அத்தனை திமிர் இருக்காது. ஹபீபுல்லாவுக்கு வந்தது அந்தத் திமிர்தான். அதற்காக யாரும் புதிதாக அவரைத் திட்ட வேண்டியதில்லை. அவரே தம்மைத் திட்டிக்கொண்டது ஏழு தலைமுறைக்குப் போதும்.

அவர் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. கப்பலிலிருந்து ஆட்கள் மூட்டை சுமந்து வரிசையாக வருவார்கள். இவர் மேஜை போட்டு உட்கார்ந்து நாலு கோடு கிழித்து, ஐந்தாவது மூட்டைக்குக் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். வேலை அவ்வளவுதான், சம்பளமும் அவ்வளவுதான். வீடு ராயபுரத்தில், கடலுக்கு மூன்று தெரு தள்ளி, தகப்பனார் விட்டுப்போனது. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டி ஓடியபோது இவரும் கடன் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வாணியம்பாடிக்கு ஓடினார். திரும்பி வந்தால் தகப்பனாருக்குப் படுக்கை, அதற்கு ஒரு கடன். பிறகு மகள் ரோஷனின் நிக்காஹ், அதற்கு ஒரு கடன். ஒன்பது வருஷமாக அந்த வீட்டுக்கு ஒரு கரண்டி சுண்ணாம்புகூட யாரும் காட்டவில்லை. உரக்கத் தும்மினால் காரை உதிரும். மழை வந்தால் சட்டி, குண்டான், சொம்பு எல்லாம் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஐம்பத்தோராம் வருஷம் ஆடி மாதம் கடைசித் தவணையும் கட்டியாயிற்று. மனைவி அஜீசா அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"ரோசன் மாசமா கீறா. தலப் பிரசவம் நம்ம வூட்லதான். இந்த ஓட்ட வூட்ல புள்ளைய எங்க போடுவா, சொம்புலயா? மழ வர்றதுக்குள்ள அந்தப் பக்கத்து ரூமையாவது சரி பண்ணிக் குடுங்க."

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். ரெண்டு மாதச் சம்பளத்தைக் கூரை தின்றுவிட்டது. பழைய ஓட்டில் பாதியைத் தூக்கியெறிந்து புது ஓடு போட்டார்கள். சுண்ணாம்பு கடனில்லாமல் வாங்கியாயிற்று. மிச்சம் சுவர்ப் பூச்சுக்கு ஆற்று மணல். அதற்கு அஜீசா தன் பெட்டியிலிருந்து நாற்பது ரூபாயை எடுத்து வந்து புருஷன் கையில் வைத்தாள். பீடி சுற்றிச் சேர்த்த பணம். நோட்டு ஒவ்வொன்றிலும் புகையிலை வாசனை.

"பேசின் பிரிட்ஜுல கால்வாய்ப் படகு வந்ததும் நல்ல மணலாப் பாத்து எறக்கிடுங்க. நா வாணியம்பாடி போயி ரோசனை இட்டுகினு வர்றேன். வர நாலஞ்சி நாளாவும்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினாள்.

அன்றைக்கு மத்தியானம்தான் விதி ஸ்டானிஸ்லாஸ் வாயில் வந்து உட்கார்ந்தது. பக்கத்து மேஜைக் குமாஸ்தா அவன், நல்லவன், வாய்தான் சும்மா இருக்காது.

"இன்னா ஹபீபு, ஒம்போது வருசமா எங்க டீயையே குடிச்சிகினு கீறே. கடன் தீந்துச்சாமே! ஒரு சிங்கிள் டீயாவது ஊத்துவியா, இல்ல சலாம் போட்டே அனுப்பிடுவியா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கேலிதான், விஷம் ஒன்றுமில்லை. ஆனால் ஒன்பது வருஷம் பிறத்தியார் டீயைக் குடித்தவனுக்கு அந்தச் சிரிப்பு எங்கே போய்க் குத்தும் என்று குடித்தவனுக்குத்தான் தெரியும். ஹபீபுல்லா எழுந்து நின்றார். சட்டைப் பையில் நாற்பது ரூபாய் கனத்தது.

"டீ எதுக்குய்யா? இருவது பேருக்கும் பிரியாணி! நாளைக்கு மத்தியானம்! அல்லாரும் வயித்தக் காய வெச்சிகினு வாங்க!"

அடப்பாவி மனுஷா! ரேஷன் காலம். அரிசி கண்ணில் காண்பதே பெரிய பாடு. பிரியாணிக்கு ஏற்ற அரிசி வேண்டுமென்றால் கள்ள மார்க்கெட்டில் கேட்ட விலை கொடுக்க வேண்டும். கொடுத்தார். கறிக்குக் கொடுத்தார். சமைத்த பண்டாரிக்குக் கொடுத்தார். மறுநாள் கிடங்குக்குப் பின்னால் உட்கார்ந்து இருபது பேரும் விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டுவிட்டு, "ஹபீபு பாய் ராஜா மாதிரி செஞ்சிட்டாரு" என்றார்கள். அந்த ஒரு மணி நேரம் அவர் ராஜாதான். சாயங்காலம் பையைத் தடவிப் பார்த்தால் ரெண்டேகால் ரூபாய் இருந்தது.

வீட்டில் மேஸ்திரி மண்ணாங்கட்டி மணலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வியாசர்பாடிக்காரர். பேர்தான் மண்ணாங்கட்டி, கை பொன். அவர் சுவர் பூச, பெண்டாட்டி கோவிந்தம்மா சித்தாளாகச் சட்டி சுமப்பாள். அந்தப் பக்கத்துத் தெருக்களில் யார் வீட்டுச் சுவர் நேராக நின்றாலும் அது பாதி இவர் பூசியதாக இருக்கும்.

"இன்னா பாய், மணல் வர்ல?"

"படகே வர்லயாம் மேஸ்திரி" என்றார் ஹபீபுல்லா. அப்புறம் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "கடல் மண்ணு இங்கியே மலையாட்டம் குமிஞ்சி கெடக்குது. அத்தயே அள்ளிப் பூசிடேன்" என்றார்.

மண்ணாங்கட்டி பூச்சுக் கரணையைக் கீழே வைத்துவிட்டார்.

"வோணாம் பாய். கடல் மண்ணு உப்பு. மழ வந்தா சொவுரு வேர்த்துக் கொட்டும். பூச்சு பொரிப் பொரியா கெளம்பி வுயுந்துடும்."

"தண்ணி ஊத்தி அலசிக்கலாம்."

"கருவாட்ட எத்தினி வாட்டி அலசினாலும் உப்பு போவுமா?"

மண்ணாங்கட்டி அவர் முகத்தையே பார்த்தார். கடைசியில் ஹபீபுல்லா பிரியாணி விஷயத்தைச் சொன்னார். கேட்டதும் மேஸ்திரிக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அஜீசாவை நினைத்தாரோ என்னவோ, சிரிப்பு நின்றது.

"பாயம்மாவாண்ட உள்ளத சொல்லிடு பாய். ரெண்டு நாளு திட்டும், மூணாம் நாளு சோறு போடும். அடுத்த மாசம் சம்பளம் வந்தா ஆத்து மணலு வாங்கிப் பூசிக்கலாம்."

எவ்வளவு நல்ல யோசனை! அதைக் கேட்டிருந்தால் கதையே இல்லை. ஆனால் பொய் சொல்லத் துணிந்தவனுக்கு நல்ல யோசனை சொல்பவன்மேல்தான் முதலில் கோபம் வரும்.

"உன்னால முடியுமா, முடியாதா? முடியாட்டி சொல்லு, வேற மேஸ்திரிய இட்டுகினு வர்றேன்."

மண்ணாங்கட்டிக்கு அந்த மாதம் வேறு வேலை இல்லை. கீழே வைத்த கரணையை எடுத்தார்.

"சரி, செஞ்சிடறேன்."

"அஜீசாவுக்குத் தெரியக் கூடாது. வாக்குக் குடு."

"நா சொல்ல மாட்டேன். இது வாக்கு. சொவுரு சொல்லிட்டா அதுக்கு நா ஜவாப்தாரி இல்ல" என்று மேஸ்திரி எழுந்து போனார்.

அஜீசா மகளோடு திரும்பியபோது அறை பால்போல வெளுத்திருந்தது. அவள் உள்ளே போய் நாலு சுவரையும் தடவித் தடவிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "இத்தினி வருசத்துக்கு அப்பால இப்பத்தாங்க இது வூடு மாதிரி கீது" என்றாள். அன்றைக்கு மண்ணாங்கட்டிக்கும் கோவிந்தம்மாவுக்கும் தன் கையால் சோறு போட்டாள். ஹபீபுல்லா அந்தச் சோற்றில் கை வைக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

ஐப்பசியில் முதல் பெருமழை. கூரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. அஜீசா சட்டி குண்டானை எல்லாம் அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டு, மழையைப் பார்த்து, "இன்னா, இப்ப வா பாக்கலாம்!" என்று சண்டைக்குக் கூப்பிட்டாள். மறுநாள் காலையில் ரோஷன் கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க வந்து பாரேன். சொவுரு நனஞ்சி கீது."

வியர்த்திருந்தது. மூன்று சுவரும் மேலிருந்து கீழ்வரை வியர்த்து, அங்கங்கே காரை அப்பளம்போல உப்பி நின்றது. தொட்டால் கையோடு வந்தது. ரோஷன் தலைவைத்துப் படுக்கும் தெற்குச் சுவர் மட்டும் எலும்புபோலக் காய்ந்திருந்தது. அஜீசா ஈரத்தை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

"உப்பு!"

உதிர்ந்த காரையை உள்ளங்கையில் வைத்துக் கிளறினாள். குட்டிக் கிளிஞ்சல் ஒன்று அகப்பட்டது.

"இன்னாங்க இது? மணல்ல கிளிஞ்சல் எப்டி வந்துச்சி?"

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. வந்ததோ வேறு.

"சுண்ணாம்பே கிளிஞ்சல சுட்டுத்தானே பண்றாங்க. சரியா வேவாத துண்டு ஒண்ணு ரெண்டு கெடக்கும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இவர் ஒரு தேக்சா பிரியாணியைக் கிளிஞ்சலில் மறைத்தார். ஆனால் அந்தப் பொய் எங்கே போய் விழும் என்று அவர் யோசிக்கவில்லை.

"அப்ப சுண்ணாம்புல டபாய்ச்சிட்டான் அந்தாளு!" என்றாள் அஜீசா. "நல்ல சுண்ணாம்ப வித்துட்டு கலீஜு சுண்ணாம்ப கலந்துட்டான். அந்த ஒரு சொவுருக்கு மட்டும் நல்லது. மூணு சொவுத்துல திருடிகினான். நா சோறு வேற போட்டேனே!"

"வுடு அஜீசா" என்றார் ஹபீபுல்லா.

"இன்னாத்த வுடறது? என் பீடிக் காசுங்க அது!"

மூன்றாம் நாள் தெருக்குழாயடியில் மண்ணாங்கட்டி அகப்பட்டார். கோவிந்தம்மாவும் கூட இருந்தாள். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் தொட்டி விரிசல் விட்டிருந்தது. அதைப் பிரித்துக் கட்டும் வேலையை மேஸ்திரிக்குத் தருவதாகப் பேச்சு. மூன்று மாத வேலை. அளவு பார்க்கத்தான் ரெண்டு பேரும் போய்க்கொண்டிருந்தார்கள். குடத்தோடு நின்ற பத்துப் பெண்களுக்கு நடுவில் அஜீசா மறித்தாள்.

"நில்லு மேஸ்திரி! புள்ளத்தாச்சி படுக்கற ரூமுன்னு தெரிஞ்சும் ஏமாத்த மனசு எப்டி வந்துச்சி ஒனக்கு? என் கையால சோறு துன்னியே, அந்தச் சோத்துக்காவது பயந்தியா? ஏழைங்க காசு ஒனக்கு செரிக்குமா?"

ஹபீபுல்லா வேலைக்குக் கிளம்பி, குடையைப் பிடித்துக்கொண்டு நாலடி பின்னால் நின்றிருந்தார். மண்ணாங்கட்டி அவரை ஒரே ஒரு தரம் பார்த்தார். கோவிந்தம்மா, "யம்மா, நாங்க ஒண்ணும்..." என்று ஆரம்பித்தாள். மேஸ்திரி அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"தப்புதான் பாயம்மா. மழ வுட்டதும் வந்து பாக்கறேன்" என்றார்.

தப்பு என்று அவரே ஒப்புக்கொண்டாரே, பெண்களுக்கு இன்னும் என்ன வேண்டும்? ஹபீபுல்லா குடையை விரித்தார். மழை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. விரித்த குடையோடு துறைமுகம்வரை நடந்தார்.

ஊர் வாயை மூட உலைமூடி இருக்கிறதா என்ன! வெள்ளிக்கிழமைக்குள் பேச்சு பள்ளிவாசலுக்குப் போய்விட்டது. தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி அத்தாவுல்லா சாயபு இவரைத் தனியே கூப்பிட்டார். நேரான மனிதர், எதையும் விசாரித்துத்தான் செய்வார்.

"ஹபீபு, தொட்டி வேலய அந்த மேஸ்திரியாண்ட குடுக்கலாம்னு இருந்தோம். ஒங்க வூட்ல ஏமாத்திட்டான்னு பேசிக்கிறாங்களே, நெசமா? நீங்க சொன்னா சரி."

தொழுத நெற்றி ஈரம்கூடக் காயவில்லை. ஹபீபுல்லா சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"நா இன்னா சொல்றது சாயபு... அல்லாவுக்குத்தான் தெரியும்."

பொய் சொல்லவில்லை என்று வழியெல்லாம் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். அல்லாவுக்குத் தெரியும் என்பது உண்மைதானே? உண்மைதான். அதுதான் தொல்லை. தொட்டி வேலை தொண்டியார்பேட்டை மேஸ்திரி ஒருவருக்குப் போயிற்று.

ஒரு மாதம் கழித்து உரக் கப்பல் ஒன்று வந்தது. ஹபீபுல்லா மேஜை போட்டுக் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது மூட்டைக்கு அடியில் குனிந்திருந்த தலையைப் பார்த்ததும் பென்சில் நின்றுவிட்டது. மண்ணாங்கட்டி! ஐம்பது வயதில், சட்டை இல்லாமல், முதுகில் சாக்கைப் போட்டுக்கொண்டு, தள்ளாடி வந்துகொண்டிருந்தார். புதிது என்பதால் மூட்டையைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை. பின்னால் வந்தவன், "நவுரு பெர்சு, ஜல்தி!" என்று அதட்டினான்.

மேஜைக்கு நேரே வந்ததும் மண்ணாங்கட்டி நிமிராமலே, "எண்ணிக்கோ பாய்" என்றார்.

ஹபீபுல்லா கோடு கிழித்தார். சாப்பாட்டு வேளைக்குள் முப்பத்தியேழு தடவை அந்த மனுஷன் அவர் முன்னால் நடந்தார், முப்பத்தியேழு கோடு. மற்ற மூட்டைகளின் கணக்கு தப்பிப்போய் மேலதிகாரியிடம் திட்டு வாங்கினார். இந்த முப்பத்தியேழு மட்டும் தப்பவில்லை.

மத்தியானம் கேட்டுக்கு வெளியே கோவிந்தம்மா கூழ்த் தூக்கோடு குந்தியிருந்தாள். ஹபீபுல்லா அவளிடம் போனார். சட்டைப் பையில் பத்து ரூபாய் இருந்தது. அதை எடுத்து நீட்டினார்.

அவள் நோட்டைத் தொடவில்லை.

"இன்னாத்துக்கு பாய் இது? வாய மூடிகினு கீறதுக்கா? எம்புருசன் வாக்குக் குட்த்துட்டாரு, அவரு வாயி தொறக்காது. எங்கிட்டயும் சத்தியம் வாங்கிகினாரு. நீ பயப்படாம போ."

"அதுக்கில்ல கோவிந்தம்மா..."

"இன்னோண்ணு கேட்டுக்கோ. சத்தியம் மண்ணு மேட்டருக்குத்தான், இத்த சொல்றதுக்கு இல்ல. ஒங்க வூட்டு தெக்குச் சொவுரு நனஞ்சிதா?"

"இல்ல. அது மட்டும் காஞ்சி கெடக்குது. ஏன்னே தெரியல."

"தெரியாதா? அர வண்டி ஆத்து மணலு, பாய். எம்புருசன் அவரு கூலியில வாங்கினு வந்து போட்டாரு. 'புள்ளத்தாச்சி தல வெச்சிப் படுக்கற சொவுருடி, கொயந்த தூங்கற எடம், அதுல உப்பு ஏறக் கூடாது'ன்னாரு. அஞ்சி நாளு நாங்க டீத்தண்ணி குட்சிட்டுப் படுத்தோம். அந்த வூட்டுக்காரம்மா எங்கள திருடன்னு சொல்லிச்சி."

அவள் அழவில்லை. தூக்கின் மூடியைத் திறந்து கூழைக் கலக்கிக்கொண்டிருந்தாள். ஹபீபுல்லாவுக்குத்தான் கண்ணை மறைத்தது. சீ, நானும் ஒரு மனுஷனா என்று வாய்விட்டே சொன்னார். கேட்டில் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தான்.

பாதி நாளிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். அஜீசா முறத்தில் பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். ரோஷன் தெற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பிரியாணி, கடல் மணல், வாக்கு, கிளிஞ்சல், முத்தவல்லி, அரை வண்டி ஆற்று மணல், மூட்டை. நடுவில் நிறுத்தினால் மறுபடி பொய் வந்துவிடும் என்று பயந்ததுபோல் மூச்சு விடாமல் சொன்னார்.

அஜீசாவின் கத்திரி நின்றுவிட்டது. கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

"நாப்பது ரூபா போனா போவுது" என்றாள் மெதுவாக. "இன்னும் நாலு மாசம் சுத்துனா வந்துடும். அந்த மனுசனை நடுத்தெருவுல நிக்க வெச்சி, துன்ன சோத்தச் சொல்லிக் காட்டினனே... அந்த வாய நா எங்க கொண்டுபோயி கழுவுவேன்? நீங்க குடை புட்ச்சிகினு பாத்துகினுதானே நின்னீங்க?"

ரோஷன் சுவரிலிருந்து முதுகை எடுத்துக்கொண்டாள். சுவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். தகப்பனாரை அவள் பார்க்கவில்லை.

அஜீசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அப்போதே புறப்பட்டாள். வியாசர்பாடிவரை நடந்துபோய் மேஸ்திரியிடமும் கோவிந்தம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டாளாம். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கடைசிவரை ஹபீபுல்லாவிடம் அவள் சொல்லவில்லை. திரும்பி வந்து குழாயடியில் நின்று, "நா சொன்னது பொய்யி, அந்த மேஸ்திரி தங்கம்" என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னாள். யார் தப்பு என்று மட்டும் சொல்லவில்லை. அதை இவருக்காக மிச்சம் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஜனங்கள் கலைவதற்குள், பாதி கட்டியிருந்த தொட்டியருகே நின்று ஹபீபுல்லா சொன்னார். பிரியாணி என்ற இடத்தில் ரெண்டு பேர் சிரித்தார்கள். தெற்குச் சுவர் என்ற இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அத்தாவுல்லா சாயபு தொட்டியைக் கை காட்டினார்.

"அன்னிக்கு நா ஒங்களத் தனியா கூப்ட்டுக் கேட்டேன் ஹபீபு. இப்ப தொட்டி பாதி எயும்பிடுச்சி. தொண்டியார்பேட்ட மேஸ்திரியும் புள்ளகுட்டிக்காரன். அவன் வேலயப் புடுங்கி இவனுக்குக் குடுத்தா அதுவும் பாவம்."

மண்ணாங்கட்டி மார்கழி முடிய மூட்டைதான் சுமந்தார். கோடும் இவர்தான் கிழித்தார். போன வேலை போனதுதான்.

தை பிறந்து வெயில் வந்ததும், ஹபீபுல்லா ரெண்டு மாதம் ஒரு வேளை டீயைக்கூட விட்டு மிச்சம் பிடித்து ஆற்று மணல் இறக்கினார். கூப்பிட்டதும் மேஸ்திரி வந்தார். முதுகு சற்றுக் கூனியிருந்தது. கரணையை எடுத்தபோது கை மட்டும் பழைய கை. மூன்று சுவரையும் கொத்தி உதிர்த்துப் புதிதாகப் பூசினார். நாலாவது சுவரின்மேல் யாரும் கை வைக்கவில்லை. ரோஷனின் நாற்பது நாள் குழந்தை அதனடியில் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது.

கடைசி நாள் கூலி கொடுக்கும்போது ஹபீபுல்லா தனியாகப் பத்து ரூபாயை மடித்து நீட்டினார்.

"இது அந்த அர வண்டி மணலுக்கு மேஸ்திரி. இத்தயும் வாங்கிகினா என் கடன் தீந்துடும்."

மண்ணாங்கட்டி கூலியை மட்டும் எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தப் பத்து ரூபாயைப் பார்த்தார், தூளியைப் பார்த்தார்.

"அது கொயந்தைக்குக் குட்த்தது பாய். ஒன்னாண்ட வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கரணையைக் கழுவப் போனார்.

ஹபீபுல்லா நீட்டிய கையோடு நின்றார். உள்ளேயிருந்து அஜீசாவின் குரல் வந்தது.

"பையில வெச்சிக்கோங்க. இன்னோரு நாளு பிரியாணி போட ஒதவும்."

கோவிந்தம்மா மிச்ச மணலைச் சட்டியில் அள்ளிக்கொண்டிருந்தாள். ஹபீபுல்லா ரூபாயைப் பையில் போட்டுக்கொண்டு, அவள் கையிலிருந்து சட்டியை வாங்கித் தம் தலையில் வைத்துக்கொண்டார்.